கெடு வைத்த பூட்டு: லைப்ரரியில் டைம்அவுட்டோடு த்ரெட் லாக் எழுதப் போகிறவர்களுக்கு

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். டீம் லீடர் உங்கள் மேசைப் பக்கம் வந்து, "நம்ம லைப்ரரி லாக்குக்கு ஒரு டைம்அவுட் போட்டுடுங்க, ரெண்டு நாள் வேலைதான்" என்பார். பூட்டுக்காக ஒரு த்ரெட் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கெடு வைப்பதுதான் டைம்அவுட். பினாங்கின் பாயான் லெப்பாஸில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரத்தில் மூன்றை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சி அல்லது சி++ எழுதத் தெரியும், மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பயன்படுத்தியிருக்கிறீர்கள், ஆனால் அதன் உள்ளே கைவிட்டுப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு இது. லினக்ஸைத்தான் விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸும் மேக்கும் பின்னால் வருகின்றன.

1. எழுதாமல் தப்பிக்க முடியுமா பாருங்கள்

உங்கள் லைப்ரரி லினக்ஸில் மட்டும் ஓடுகிறதென்றால், எந்திரத்தில் இருக்கும் ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். 2.30 அல்லது அதற்கு மேல் என்றால் 'பித்ரெட் மியூடெக்ஸ் கிளாக்லாக்' என்ற ஃபங்ஷன் அதிலேயே இருக்கிறது. அது 2019 ஆகஸ்டில் வந்தது. எந்தக் கடிகாரப்படி காத்திருக்க வேண்டும் என்று நாமே அதனிடம் சொல்லலாம். அதைக் கூப்பிட்டுவிட்டு, அரை நாளில் வேலையை முடித்துவிட்டு, கீழே போய் தே ஓ ஐஸ் குடியுங்கள். இந்தக் கட்டுரையில் 3, 4, 5 மட்டும் படித்தால் போதும்.

பதிப்பைப் பார்க்க 'எல்டிடி' கட்டளையோடு 'வெர்ஷன்' கொடுத்தால் முதல் வரியிலேயே வரும். அதை உங்கள் லேப்டாப்பில் ஓட்டாதீர்கள், மென்பொருள் கடைசியில் ஓடப்போகும் எந்திரத்தில் ஓட்டுங்கள். உபுன்டு 20.04-இல் 2.31 இருக்கிறது, 18.04-இல் 2.27தான். டெபியன் 10-இல் 2.28. தொழிற்சாலைத் தளத்தில் இருக்கும் பெட்டிகள் நாம் நினைப்பதைவிடப் பழையவை. என் லேப்டாப்பில் அழகாக ஓடியது அங்கே லிங்க்கே ஆகவில்லை. அதில் ஒரு நாள் போயிற்று.

சொந்தமாக எழுத நியாயமான காரணங்களும் உண்டு. மூன்று இயங்குதளத்திலும் ஒரே நடத்தை வேண்டும் என்பது ஒன்று. இடம் இன்னொன்று: 64-பிட் இன்டெல் லினக்ஸில் ஒரு பித்ரெட் மியூடெக்ஸ் 40 பைட் பிடிக்கும், நாமே எழுதினால் 4 பைட்டில் முடிந்துவிடும். லட்சக்கணக்கான சிறு பொருள்களுக்கு ஆளுக்கொரு பூட்டு வைக்கும் லைப்ரரிக்கு அந்த 36 பைட் பெரிய விஷயம். "நம்முடையது வேகமாக இருக்கும்" என்பது காரணம் ஆகாது. இருக்காது.

2. திறந்து வைக்க வேண்டிய ஆவணங்கள்

எல்லாம் இலவசம். லினக்ஸ் மேன் பக்கங்களில் 2-ஆம் பிரிவில் ஃபியூடெக்ஸ் (ஒரு எண்ணைப் பார்த்து த்ரெட்டைத் தூங்க வைக்கவும் எழுப்பவும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தரும் வசதி). 3-ஆம் பிரிவில் பித்ரெட் டைம்ட்லாக், கண்டிஷன் டைம்ட்வெயிட். போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) 2024 பதிப்பை இணையத்தில் அப்படியே படிக்கலாம். கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் ஃபங்ஷன்கள் அந்தப் பதிப்பில்தான் தரத்துக்குள் வந்தன. சி11 தரத்தை விலை கொடுத்து வாங்க வேண்டாம். 'என்1570' என்ற கடைசி வரைவு இலவசமாகக் கிடைக்கிறது, அட்டாமிக் (இடையில் வேறு த்ரெட் குறுக்கிட முடியாத செயல்கள்) அத்தியாயத்துக்கு அது போதும். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆவணம்.

ஃபியூடெக்ஸ் மேன் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் படித்தால் டைம்அவுட் பத்தியைத் தாண்டிப் போய்விடுவோம். நான் இரண்டு முறை தாண்டினேன்.

3. ஒப்பந்தத்தை முதலில் எழுதுங்கள்

புரோகிராம் எழுதும் முன் ஒரு பக்கத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ, இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதி டீம் லீடரிடம் காட்டுங்கள். டைம்அவுட் எந்த அலகில்: மில்லி விநாடியா, மைக்ரோ விநாடியா, நேனோவா? 0 கொடுத்தால் என்ன? ('ஒருமுறை முயன்று பார், காத்திராதே' என்பதுதான் வழக்கம்.) மைனஸ் 1 கொடுத்தால் என்ன? சிலருக்கு அது 'என்றென்றும்', சிலருக்கு அது பிழை. கெடு ஏற்கெனவே முடிந்திருந்தும் பூட்டு காலியாக இருந்தால் கொடுப்பதா, மறுப்பதா? போசிக்ஸ் கொடுக்கச் சொல்கிறது. நீங்களும் கொடுங்கள்.

திரும்பும் விடைகள் மூன்றாக இருக்கட்டும்: கிடைத்தது, கெடு முடிந்தது, பிழை. கடைசி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'பொய்' என்று திருப்பும் லைப்ரரிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பயன்படுத்துகிறவர் பாவம்.

இங்கே ஒரு பொறி. பித்ரெட் ஃபங்ஷன்கள் பிழை எண்ணை நேரடியாகத் திருப்பும். செமஃபோர் (எண்ணி உள்ளே விடும் இன்னொரு வகைப் பூட்டு) ஃபங்ஷன்களோ மைனஸ் 1 திருப்பிவிட்டு, எண்ணை 'எர்நோ' என்ற மாறியில் வைக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் பயன்படுத்தினால் கை தவறும். அதைவிடச் சின்ன வித்தியாசம்: மியூடெக்ஸ் டைம்ட்லாக் சிக்னல் வந்ததென்று பாதியில் திரும்பாது, செமஃபோர் டைம்ட்வெயிட் 'ஈஇன்டர்' என்று திரும்பும்.

4. எந்தக் கடிகாரம்?

மூன்று வாரம் போனது இங்கேதான். கொஞ்சம் உட்கார்ந்து சொல்கிறேன்.

எங்கள் மென்பொருள் ஒரு சோதனை எந்திரத்தை ஓட்டுகிறது. ஒரு த்ரெட் சீரியல் போர்ட்டின் பூட்டை வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கும். இன்னொரு த்ரெட் அதே பூட்டை 2 விநாடிக் கெடுவோடு கேட்கும். கெடு முடிந்தால் 'போர்ட் மாட்டிக்கொண்டது' என்று பொருள். உடனே போர்ட்டை ரீசெட் செய்யும். அதற்கு நான் போட்டிருந்தது பழைய பித்ரெட் டைம்ட்லாக்.

ஓர் இரவு பன்னிரண்டே காலுக்கு நைட் ஷிஃப்ட் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, உங்க மெஷின் மறுபடியும் தூங்கிடுச்சு லா. லைட்டு எரியுது, கை அசைய மாட்டேங்குது." "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கண்ணே" என்றேன். சரியாகிவிட்டது. இப்படி மூன்று முறை. மூன்று முறையும் பராமரிப்பு முடித்து எந்திரத்தை ஓடவிட்ட சில நிமிடத்துக்குள்.

நான்காவது முறை எனக்கு யாரும் போன் செய்யவில்லை. அன்று அந்த வரிசையில் வேலை இல்லை, எந்திரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். காலையில் அது தானாக எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. பதிவுக் கோப்பில் ஒரே ஒரு வரி: 'பூட்டு கெடு முடிந்தது, கேட்டது 2 விநாடி, காத்தது 28802 விநாடி.'

28802-இல் 2-ஐக் கழியுங்கள். 28800. எட்டு மணி நேரம். மலேசிய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி அதேதான்.

நடந்தது இது. பராமரிப்புக்கு வந்தவர் பயாஸ் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மலேசிய நேரத்துக்குத் திருத்தி வைத்திருக்கிறார். லினக்ஸ் அதைப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டது. ஆக எந்திரம் எழும்போதே எட்டு மணி நேரம் முன்னால் ஓடியது. சில நிமிடம் கழித்து நெட்வொர்க் வந்ததும் நேர ஒத்திசைவு சர்வீஸ் கடிகாரத்தை ஒரே தாவலில் எட்டு மணி நேரம் பின்னால் இழுத்தது. அந்த நேரம் பார்த்து என் த்ரெட் டைம்ட்லாக்கில் உட்கார்ந்திருந்தது. டைம்ட்லாக்குக்கு நாம் கொடுப்பது '2 விநாடி' என்ற அளவு கிடையாது. 'இத்தனை மணி, இத்தனை விநாடி வரை' என்ற கெடு. அந்தக் கெடு சுவர்க் கடிகாரத்தின்படி. கடிகாரம் பின்னால் போனால் கெடு அவ்வளவு தூரம் முன்னால் போய்விடும்.

(நம் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள், 1982 ஜனவரி 1 பிறந்தபோது தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள் என்று. அந்த மாதிரி நேர மண்டல மாற்றம் நம் பூட்டை ஒன்றும் செய்யாது, கெர்னல் உள்ளுக்குள் பொது நேரத்தில்தான் எண்ணுகிறது. யாராவது அந்தப் பொது நேரத்தையே கையால் தொட்டால்தான் ஆபத்து.)

ஆகவே, விதிவிலக்கு இல்லாமல், மோனோடோனிக் கடிகாரம். அது பின்னால் போகாது, தாவாது. ஒத்திசைவு சர்வீஸ் அதன் வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான். லினக்ஸில் அது எந்திரம் உறங்கும் நேரத்தை எண்ணாது என்பது நினைவிருக்கட்டும். லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், 10 விநாடிக் கெடுவில் மிச்சம் இருந்த 7 விநாடி அப்போதும் மிச்சம்தான் இருக்கும். பூட்டுக்கு அது சரியான நடத்தை என்பது என் கருத்து.

கண்டிஷன் வேரியபிளை (ஒரு நிலை மாறும்வரை த்ரெட்டைக் காக்க வைக்கும் பொருள்) வைத்துப் பூட்டு கட்டுகிறீர்களா? உருவாக்கும்போதே அதன் ஆட்ரிபியூட்டில் 'செட்கிளாக்' செய்து மோனோடோனிக் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சுவர்க் கடிகாரம்தான் இயல்பு. உங்களுக்கு ஆறுதலாக ஒன்று: பைத்தானின் த்ரெட் பூட்டுகள் லினக்ஸில் காத்திருப்பை மோனோடோனிக் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டது 3.11 பதிப்பில்தான், அதுவும் ஜிலிப்சி 2.30-இல் வசதி வந்த பிறகு. நாம் மட்டும் தடுமாறவில்லை.

5. அளவைக் கெடுவாக ஒரே ஒருமுறை மாற்றுங்கள்

கடன் வாங்கியவர் "ரெண்டு நாளில் தருகிறேன்" என்றால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்த ரெண்டு நாள் புதிதாகப் பிறக்கும். "வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்றவரை வெள்ளிக்கிழமை வாசலில் பிடித்துவிடலாம். பூட்டும் அப்படித்தான். காத்திருப்பு பாதியில் கலைந்து மறுபடி காக்கப் போகும்போது '2 விநாடி' என்றே திரும்பக் கொடுத்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு விநாடியும் ஒரு சிக்னல் வந்து கலைக்கும் புரோகிராமில் அந்தக் கெடு ஒருநாளும் முடியாது.

ஃபியூடெக்ஸில் இதற்கென்றே ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். சாதாரண 'ஃபியூடெக்ஸ் வெயிட்' வாங்குவது அளவு. 'ஃபியூடெக்ஸ் வெயிட் பிட்செட்' வாங்குவது கெடு. பெயரைப் பார்த்து பிட்செட் ஏதோ பெரிய வித்தை என்று நானும் ஒதுக்கி வைத்திருந்தேன். எல்லாப் பிட்டும் பொருந்தும் என்ற மாறிலியைக் கடைசி இடத்தில் கொடுத்துவிட்டால் சாதாரண வெயிட் மாதிரியே வேலை செய்யும், கெடுவோடு. வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் அது மோனோடோனிக் கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

கணக்கில் பார்க்க வேண்டியது இரண்டு. நேனோ விநாடிப் பகுதி 0 முதல் 999999999 வரைதான். கூட்டியதும் அதைத் தாண்டினால் விநாடியில் ஒன்று ஏற்றுங்கள், இல்லாவிட்டால் 'தவறான மதிப்பு' என்று கெர்னல் திருப்பி அனுப்பும். இந்தப் பிழை பாதி நேரம் மட்டும் வருவதால் கண்டுபிடிப்பது எரிச்சல். அடுத்தது, யாராவது மிகப் பெரிய எண்ணை 'என்றென்றும்' என்ற நினைப்பில் கொடுப்பார்கள். கூட்டும்போது எண் வழிந்து மைனஸ் ஆகிவிடும். கூட்டும் முன்பே சோதித்து, தாண்டுமானால் உச்ச மதிப்பில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

லைப்ரரிக்குள் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போதும் கெடுவையே கீழே அனுப்புங்கள். வெளி வாசலில் மட்டும் அளவு. உள்ளே எல்லாம் கெடு.

6. பூட்டை எழுதுதல்

ஒரே ஒரு 32-பிட் எண். எந்த எந்திரத்திலும் ஃபியூடெக்ஸ் 32 பிட்தான். அதற்கு மூன்று நிலை: 0 என்றால் காலி. 1 என்றால் ஒருவர் வைத்திருக்கிறார், யாரும் காத்திருக்கவில்லை. 2 என்றால் ஒருவர் வைத்திருக்கிறார், வாசலில் யாரோ இருக்கலாம். 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

பூட்டுவது:

பூட்டு(எண், கெடு)
  எண் 0 ஆக இருந்தால் 1 ஆக்கு. ஆக்க முடிந்தால் 'கிடைத்தது'
  திரும்பத் திரும்ப:
    பழையது = எண்ணில் 2-ஐ வைத்து, முன்பிருந்ததை எடு
    பழையது 0 என்றால் 'கிடைத்தது'
    விடை = கெர்னலில் காத்திரு(எண் 2 ஆக இருக்கும்வரை, கெடு)
    விடை 'கெடு முடிந்தது' என்றால்:
      எண் 0 ஆக இருந்தால் 2 ஆக்கு. ஆக்க முடிந்தால் 'கிடைத்தது'
      இல்லாவிட்டால் 'கெடு முடிந்தது'

திறப்பது:

திற(எண்)
  பழையது = எண்ணில் 0-ஐ வைத்து, முன்பிருந்ததை எடு
  பழையது 2 என்றால் கெர்னலிடம் ஒருவரை எழுப்பச் சொல்

இவ்வளவுதான். எண்ணைத் தொடும் ஒவ்வொரு செயலும் அட்டாமிக். கிடைக்கும் பக்கம் 'அக்வயர்', திறக்கும் பக்கம் 'ரிலீஸ்' (பூட்டுக்குள் செய்த வாசிப்பும் எழுத்தும் வெளியே நழுவாமல் காக்கும் குறிகள்). இன்டெல் சிப்பில் இதைத் தவறாக எழுதினாலும் பெரும்பாலும் ஓடும், ஏஆர்எம் சிப்பில் உடையும். ஆகவே ஒரு ராஸ்பெர்ரி பையையாவது சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு ஒரே புரோசஸுக்குள் மட்டும் என்றால் 'பிரைவேட்' கொடியைப் போடுங்கள், கெர்னலுக்கு வேலை குறையும். ஜிலிப்சியில் ஃபியூடெக்ஸுக்கு உறை ஃபங்ஷன் கிடையாது; 'சிஸ்கால்' வழியாகத்தான் கூப்பிட வேண்டும்.

இந்தப் பன்னிரண்டு வரியில் நான் விழுந்த குழிகள் மூன்று.

முதல் குழி, எழுந்ததும் மணி பார்ப்பது. கெர்னல் காத்திருப்பிலிருந்து திரும்பியதும் "கெடு தாண்டிவிட்டதா?" என்று கடிகாரத்தைப் பார்த்து, தாண்டியிருந்தால் வெளியேறுமாறு எழுதியிருந்தேன். நியாயமாகத்தான் தெரிகிறது. இப்போது பாருங்கள்: வாசலில் கமலா, ரவி இருவரும் தூங்குகிறார்கள். உள்ளே இருந்தவர் எண்ணை 0 ஆக்கி, கமலாவை எழுப்பிவிட்டுப் போகிறார். கமலா எழுந்து மணி பார்க்கிறாள்; அவள் கெடு அரை மில்லி விநாடிக்கு முன் முடிந்துவிட்டது. பூட்டைத் தொடாமலே போய்விடுகிறாள். பூட்டு காலி, ரவியோ தூக்கத்தில். அடுத்து வேறொருவர் வந்து 0-ஐ 1 ஆக்கி, வேலை முடித்து 1-ஐ 0 ஆக்குவார். 2 இல்லாததால் யாரையும் எழுப்ப மாட்டார். ரவி தன் கெடு முடியும்வரை காலிப் பூட்டின் வாசலில் கிடப்பான். அதனால்தான் மேலே உள்ள சுற்றில் எழுந்ததும் முதல் வேலை எண்ணைத் தொடுவது. நேரத்தைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். எழுப்பப்பட்டவருக்கு அது 'கெடு முடிந்தது' என்று சொல்லாது.

இரண்டாவது, போகும்போது வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போவது. கெடு முடிந்து வெளியேறும்போது "நான்தானே 2 என்று வைத்தேன், 1 ஆக்கிவிட்டுப் போகலாம்" என்று தோன்றும். செய்யாதீர்கள். வேறு யாராவது வாசலில் இருக்கலாம். அவர்களை எழுப்ப இருந்த ஒரே அடையாளம் அந்த 2. அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் வரும் நஷ்டம் இவ்வளவுதான்: திறப்பவர் ஒருமுறை வீணாக கெர்னலைக் கூப்பிடுவார். அது தாங்கும்.

மூன்றாவது அந்தக் கடைசி முயற்சி. அங்கே 0-ஐ 1 ஆக்கக் கூடாது, 2 ஆக்க வேண்டும். காரணம் அதேதான்.

கெர்னல் வேறு இரண்டு விடைகளும் தரும். தூங்கப் போகும் முன்பே எண் மாறிவிட்டால் 'ஈஅகெய்ன்'. சிக்னல் வந்தால் 'ஈஇன்டர்'. இரண்டுக்கும் சுற்றின் தலைக்குத் திரும்பினால் போதும், கெடு அப்படியே இருக்கிறது. காரணமில்லாமல் 0 என்று திரும்புவதும் உண்டு, அதற்கும் அதே வழி. வேறு எந்த விடை வந்தாலும் அது உங்கள் பிழை. அங்கேயே புரோகிராமை நிறுத்துங்கள். பேசாமல் சுற்றவிட்டால் ஒரு சிபியு கோர் முழுக்க எரியும்.

7. விண்டோஸ், மேக்

விண்டோஸ் 8 முதல் 'வெயிட் ஆன் அட்ரஸ்' இருக்கிறது. ஃபியூடெக்ஸின் சித்தப்பா மகன் மாதிரி. அதே மூன்று நிலை, அதே சுற்று. ஆனால் அது வாங்குவது மில்லி விநாடியில் அளவு. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கெடுவிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். மிச்சத்தை மேல்நோக்கி முழுதாக்குங்கள். கீழ்நோக்கி முழுதாக்கினால் கடைசி மில்லி விநாடி முழுக்க 0 கொடுத்துச் சும்மா சுற்றும். அந்த எண் 32 பிட். அதன் உச்ச மதிப்புக்கு 'என்றென்றும்' என்று பொருள். ஆகவே ஏறக்குறைய 49.7 நாளுக்கு மேல் கேட்டால் துண்டு துண்டாகக் காத்திருக்க வேண்டும். லிங்க் செய்யும்போது 'சின்க்ரனைசேஷன்' லிப் கோப்பைச் சேர்க்க மறக்காதீர்கள். விண்டோஸின் சொந்தப் பூட்டுகளான எஸ்ஆர்டபிள்யூ லாக், கிரிட்டிகல் செக்‌ஷன் இரண்டிலும் டைம்அவுட் கிடையாது. அங்கே தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

மேக்கில் பித்ரெட் டைம்ட்லாக்கே இல்லை. 14.4 பதிப்பிலிருந்து முகவரி மேல் காத்திருக்கும் பொதுவான ஃபங்ஷன்கள் வந்துவிட்டன. அதற்கு முந்தைய மேக்குகளையும் ஆதரிக்க வேண்டுமென்றால் மியூடெக்ஸும் கண்டிஷன் வேரியபிளும் சேர்த்துக் கட்டுங்கள். அளவை வாங்கும் 'டைம்ட்வெயிட் ரிலேட்டிவ்' ஃபங்ஷன் அங்கே உண்டு. இணையத்தில் பலர் சிபாரிசு செய்யும் அந்த 'யூலாக்' அழைப்பு ஆப்பிளின் உள்வீட்டுச் சரக்கு, தொடாதீர்கள்.

8. சோதனை

கடிகாரத் தாவலைச் சோதிக்க ஒரு மெய்நிகர் எந்திரம் கட்டாயம். கன்டெய்னரில் முடியாது: கன்டெய்னருக்குத் தனிச் சுவர்க் கடிகாரம் கிடையாது. லினக்ஸ் 5.6-இல் வந்த டைம் நேம்ஸ்பேஸும் (கன்டெய்னருக்குத் தனி நேரம் காட்டும் வசதி) மோனோடோனிக், பூட்-டைம் (எந்திரம் உறங்கிய நேரத்தையும் எண்ணும் கடிகாரம்) இரண்டை மட்டும்தான் பிரித்துத் தருகிறது. அதிகாரம் கொடுத்து கன்டெய்னருக்குள் நேரத்தை மாற்றினால் ஆபீஸ் சர்வரின் நேரமே மாறும். எங்கள் டீமில் ஒருவர் செய்தார். மாலைவரை பில்ட் சிஸ்டம் சான்றிதழ் காலாவதி என்று கத்திக்கொண்டிருந்தது. நேரத்தைப் பொய்யாகக் காட்டும் லைப்ரரிகளும் உதவாது. அவை புரோசஸுக்குள் கேட்கும் கேள்விக்குத்தான் பொய் சொல்லும், கெர்னலின் கடிகாரம் பாட்டுக்கு ஓடும்.

மெய்நிகர் எந்திரத்தில் தானியங்கி ஒத்திசைவை நிறுத்துங்கள். ஒரு த்ரெட் பூட்டை விடாமல் வைத்திருக்கட்டும், இன்னொன்று 5 விநாடிக் கெடுவோடு கேட்கட்டும். இடையில் 'டேட்' கட்டளையால் நேரத்தை எட்டு மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். 5 விநாடியில் திரும்ப வேண்டும். அடுத்து முன்னால் தள்ளுங்கள். அப்போதும் 5 விநாடி, ஒரு துளியும் குறையக் கூடாது.

மேலே சொன்ன ரவி குழிக்கும் ஒரு சோதனை எழுதுங்கள்: 1 மில்லி விநாடிக் கெடுவோடு இருபது த்ரெட், 10 விநாடிக் கெடுவோடு ஒரே ஒரு த்ரெட். பூட்டு விடுபட்ட ஒரு விநாடிக்குள் அந்த ஒன்றுக்குக் கிடைக்கிறதா? இதை ஆயிரம் முறை ஓட்டுங்கள். என் பழைய கோடு சில நூறாவது சுற்றில் மாட்டிக்கொண்டது.

நேர அளவு சோதனைகளில் கீழ் வரம்பைக் கறாராகவும் மேல் வரம்பைத் தாராளமாகவும் வையுங்கள். 100 மில்லி விநாடி கேட்டால் 99-இல் திரும்புவது பிழை. 140-இல் திரும்புவது, சோதனை சர்வர் அன்று மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். லினக்ஸ் சாதாரண த்ரெட்டுக்கு டைமரை 50 மைக்ரோ விநாடிவரை தள்ளிப்போடும். விண்டோஸின் இயல்பான துடிப்பு ஏறக்குறைய 15.6 மில்லி விநாடி; அங்கே 5 கேட்டுவிட்டு 15 வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

த்ரெட் சானிடைசரையும் (த்ரெட்டுகள் ஒரே தரவில் மோதுவதைக் கண்டுபிடிக்கும் கருவி) ஒருமுறை ஓட்டுங்கள். புரோகிராம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், அதனால் சின்னக் கெடுக்களெல்லாம் முடிந்துபோகும். கெடுவைப் பெருக்கிக்கொள்ள ஒரு வழி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

9. செலவும் நாளும்

போட்டியில்லாத பூட்டில் கெர்னலே வராது, ஒரு அட்டாமிக் செயலோடு முடியும். சில நேனோ விநாடியில் தொடங்கி சில பத்து நேனோ விநாடிக்குள். தூங்கி எழுந்தால் மைக்ரோ விநாடிக் கணக்கு. கெடு கணக்கிடக் கடிகாரத்தைப் பார்ப்பதும் சும்மா வராது என்பதால், முதல் முயற்சி தோற்ற பிறகே கடிகாரத்தைப் பாருங்கள்.

பணம்: ஆவணம், கம்பைலர், மெய்நிகர் எந்திரம் எல்லாம் இலவசம். விண்டோஸுக்கு 90 நாள் மதிப்பீட்டுப் பதிப்பு போதும். மேக்குக்குத்தான் கைக்காசு போகும். நான் பழைய மேக் மினி ஒன்றை ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டுக்கு வாங்கி, பில்லை ஆபீஸில் கொடுத்து, இரண்டு மாதம் கழித்துக் காசு வாங்கினேன். முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

நாள்: ஒப்பந்தத்துக்கு இரண்டு நாள், லினக்ஸ் பூட்டுக்கு இரண்டு நாள், விண்டோஸும் மேக்கும் சேர்த்து மூன்று நாள், சோதனைக்கு மூன்று நாள். பத்து நாள் என்று டீம் லீடரிடம் சொல்லுங்கள். சோதனையில் கைவைத்துக் குறைக்கச் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். வேண்டுமானால் மேக்கை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளுங்கள்.

ஒப்படைக்கும் முன் ஒன்று. உங்கள் பூட்டைப் பயன்படுத்துகிறவர்களின் புரோகிராம்களைத் தேடிப் பாருங்கள்: 'கெடு முடிந்தது' வந்ததும் என்ன செய்கிறார்கள்? எங்கள் லைப்ரரியில் பதினொரு இடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். நான்கில் விடையையே பார்க்கவில்லை. பூட்டு கிடைக்காமலே உள்ளே போய்த் தரவை எழுதிக்கொண்டிருந்தார்கள். விடையைப் பார்க்காமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும்படி ஃபங்ஷன் மேல் ஒரு குறி வைக்க முடியும். வையுங்கள், அந்த எச்சரிக்கையைப் பிழையாகவும் மாற்றிவிடுங்கள். மறுநாள் நான்கு பேர் உங்கள் மேசைக்கு வருவார்கள்.

புதுப் பூட்டு போட்ட பிறகு அந்த எந்திரம் தூங்கவில்லை. பராமரிப்புக்காரர் மட்டும் பயாஸ் திரைக்குப் பக்கத்தில் 'மணியைத் தொடாதே' என்று மூன்று மொழியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். இனி அது தேவையில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.